புடவில் வைக்காத பேட்டரி

“ஒரு வண்டி, ரெண்டு பேட்டரி!”

கடைக்குள் கால் வைத்ததும் பரக்கத் நிஷா சொன்ன முதல் பேச்சு இதுதான். விலை கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மின்சார சைக்கிள் விற்கிற அந்தக் கடையில் வரிசையாக நின்ற வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைக்காரர் கோதண்டம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இந்தப் பெண்ணை அவருக்கு ஞாபகம் இருந்தது. பத்து மாதத்துக்கு முன்னால் அண்ணனோடு வந்தவள். அன்றைக்கும் இதே மலைச் சைக்கிள்தான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், நடுத்தண்டில் செருகிய நீளமான பேட்டரி. அண்ணன்காரன் ஆசை ஆசையாக, “இன்னொரு பேட்டரியும் சேத்துப் போட்ருங்கண்ணே” என்றான். இவள்தான் குறுக்கே விழுந்தாள். “எதுக்கு? அது பாதி வண்டி வெல. ஒண்ணே போதும்!”

“அண்ணன் வரலையாம்மா?” என்றார் கோதண்டம்.

“அண்ணன் மௌத்தாகி மூணு மாசமாச்சு.”

கோதண்டம் அதற்குப் பிறகு பேரம் பேசவில்லை. கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்து வந்த காசு என்று அவளும் சொல்லவில்லை. வண்டி வெளியே வந்தது, பேட்டரி ஒன்று தண்டில் ஏறியது, இன்னொன்று அட்டைப்பெட்டியோடு அவள் கைக்கு வந்தது.

“இவ்வளவு பேட்டரிய வச்சிக்கிட்டு எங்கம்மா போற?”

“கூரைப்பாறைக்கு. அவன் வண்டியத் தேடப் போறேன்.”

கோதண்டம் உள்ளே போனார். ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்காக நிறுத்தியிருந்த பழைய வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். “தனியாப் போகாத. கூட யாராச்சும் வந்தா இதுல வரட்டும். ஒரு நாளைக்குச் சும்மா வச்சிக்க” என்றார். நல்ல மனிதர்!

*

கம்பத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்துச் செக்போஸ்டிலிருந்து கூரைப்பாறைக்கு இருபத்தொரு கிலோமீட்டர். ரோடு கிடையாது, ஏற்றமான மண்பாதைதான். பெட்ரோல் வண்டி போகக்கூடாது, யானைகள் மிரளும். நடந்து போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. மேலே முப்பது வீடுகள். அங்கே சர்க்கரைக்கும் வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். பரக்கத் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலிருந்து அந்த மாத்திரைகளை வாரம் ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவள் அண்ணன் ஜாபருக்கு. அதற்காக வாங்கியதுதான் அந்த மின்சார சைக்கிள். சத்தம் போடாது, புகை விடாது, ஏற்றத்தில் முதுகைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி தள்ளும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஜாபர் போனான். பெரிய மழை. கூரைப்பாறைக்கு அவன் நடந்துதான் வந்து சேர்ந்தான், மாத்திரைகளைக் கொடுத்தான், திரும்புகிற வழியில் கொம்பனாறு அவனை இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கீழே அணைக்கட்டுப் பக்கம் கிடைத்தான். வண்டி கிடைக்கவே இல்லை. அதுவும் ஆற்றோடு போயிருக்கும் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா போகக்கூடாதா? ஒருவர் ஆரம்பித்தார். “நடந்து வந்தான்னா சார்ஜ் தீந்துருச்சுன்னுதான அர்த்தம்?” இன்னொருவர் பிடித்துக்கொண்டார். “ஆமா, வண்டி ஓடியிருந்தா வெள்ளம் வர்றதுக்குள்ள போயிட்டு வந்திருப்பான்.” மூன்றாமவருக்கு முடித்துவைக்காமல் இருக்க முடியவில்லை. “இன்னொரு பேட்டரி இருந்திருந்தா பய பொழச்சிருப்பான்.”

உள்ளறையில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டது. பரக்கத்துக்கும் கேட்டது. அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். “ஒரே ஒரு பேட்டரிதானடி கேட்டான்” என்றார்.

அவ்வளவுதான். மையத்து எடுக்கிற, மகனின் உடல் வீட்டை விட்டுப் போகிற நேரத்தில் வாயில் வந்த வார்த்தை. அம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே பாயில் படுத்தார்கள், அந்த ஒரு வாக்கியம் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக் கிடந்தது. பரக்கத்துக்கு இட்டிலி இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. அண்ணனை நான்தான் கொன்றேன் என்று அவள் மனதுக்குள் உறுதியாக எழுதிவைத்துவிட்டாள்.

போன வாரம் ஆதார் அட்டையைத் தேடும்போது பீரோவில் ஜாபர் வரைந்த படம் ஒன்று கிடைத்தது. காலண்டர் தாளின் பின்பக்கம், நீல பேனாவில் கூரைப்பாறைப் பாதை. வண்டி வாங்குவதற்கு முன்னால், எந்த இடத்தில் எவ்வளவு சார்ஜ் ஆகும் என்று கணக்குப் பார்த்து வரைந்தது. கொம்பனாற்றுக்கு இந்தக் கரையில், பாதையை விட்டுத் தள்ளி ஒரு பேட்டரியின் படம் போட்டு ‘புடவு’ என்று எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தில் பாறைக்கு அடியில் இருக்கிற ஒதுங்குமிடத்தைப் புடவு என்பார்கள். மழைக்கு நாலு ஆடு ஒதுங்கலாம், அவ்வளவுதான் அகலம்.

அவளுக்குச் சுரீரென்று ஞாபகம் வந்தது. கடையில் நின்று அவன் கெஞ்சினானே! “ஒண்ணு வண்டியில கெடக்கட்டும், இன்னொண்ண ஆத்துக்குப் பக்கத்துல ஒரு புடவுல வச்சிருவேன். ஆபத்துக்கு ஆகும்ல பரக்கத்து.”

வாங்காத பேட்டரிக்குப் பார்த்துவைத்த இடம்! வண்டியை மழைக்கு எங்காவது ஒதுக்கியிருந்தால் அவன் அங்கேதானே ஒதுக்கியிருப்பான்? வண்டி கிடைத்தால் பேட்டரியில் சார்ஜ் இருந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரிந்தே ஆக வேண்டும். இல்லை என்று தெரிந்தாலும் சரி.

*

விடியற்காலை ஆறு மணி. தை மாதத்துப் பனியில் செக்போஸ்டின் கம்பி நனைந்திருந்தது. பரக்கத், அவளுடைய சின்னம்மா மகன் பீர், வனத்துறை வாட்சர் தவசி. இந்த மூன்று பேர்தான் படை.

பீருக்கு இருபத்தொரு வயது. கம்பத்தில் சைக்கிள் கடை. கையில் பம்ப், ஸ்பேனர், ஆயில், இடுப்பைச் சுற்றி நாலு பொட்டலம் பரோட்டா. தவசி கூரைப்பாறைக்காரர். மாத்திரை கொண்டுபோகிற ஆளைத் தவிர மற்றவர்களை, துணைக்கு வாட்சர் வந்தால்தான் மலைக்குள் விடுவார்கள். அவருக்கு வண்டி கிடையாது, வேண்டியதும் இல்லை.

“நீங்க பாதையில சுத்தி வாங்க. நான் குறுக்க ஏறிக்கிறேன்” என்றார். “ரெண்டு சொல்றேன், கேட்டுக்கங்க. நாலு மணிக்கு மேல யானை பாதைக்கு எறங்கும். ஆறு மணிக்குக் கேட்டப் பூட்டிருவாங்க. ரெண்டு மணிக்கு எங்க நிக்கிறீங்களோ அங்கேருந்து திரும்பணும். கெடைச்சாலும் சரி, கெடைக்கலேன்னாலும் சரி.”

“கெடைக்கும்ணே” என்றாள் பரக்கத். பிஸ்மி சொல்லிப் பெடலில் கால் வைத்தாள்.

முதல் வளைவு! இரண்டாம் வளைவு! பீர் ஓட்டிய, கோதண்டம் கொடுத்த பழைய வண்டி ‘உய்ங்’ என்று வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு ஏறியது. அவன் பாட்டுக்குச் சீட்டில் உட்கார்ந்து கால்களைச் சும்மா சுற்றினான். மூன்றாம் வளைவில் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். ஐந்து நிமிடம் கழித்து வந்தாள். முகமெல்லாம் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தாள்.

“என்னக்கா, மோட்டார் ரிப்பேரா?”

“இல்ல.”

பீர் அவள் கைப்பிடியில் இருந்த சின்னத் திரையை எட்டிப் பார்த்தான். மோட்டார் வேகம் பூஜ்யத்தில் இருந்தது. பேட்டரிக் கட்டம் ஐந்தும் எரிந்தது.

“நீ மோட்டாரே போடலையா!”

“சார்ஜ் தீந்துருச்சுன்னா?”

“தீந்தா முதுகுல இருக்கிறத மாட்டு! அதுக்குத்தான செயின வித்து வாங்குன?”

“அதுவும் தீந்துருச்சுன்னா?”

பீர் தலையில் அடித்துக்கொண்டான். “ரெண்டு பேட்டரியச் சொமந்துக்கிட்டுக் காலால மிதிக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்க்கா!”

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். ஆனால் பரக்கத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. அவளால் மோட்டார் பட்டனை அழுத்த முடியவில்லை, அதுதான் உண்மை. ஒரு கட்டம் அணைந்தால் உயிர் போய்விடும் போலிருந்தது. ஐந்து கட்டமும் எரிகிற வரைக்கும்தான் அவளுக்கு மூச்சு ஓடியது. தண்டில் நாலு கிலோ, முதுகில் நாலு கிலோ, இதையும் தூக்கிக்கொண்டு கனமான அந்த வண்டியை வெறும் காலால் மலைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

தவசி ஒவ்வொரு வளைவிலும் முன்னாடியே வந்து பாறைமேல் உட்கார்ந்திருந்தார். முதலில் பீடி பற்ற வைத்திருந்தார். அப்புறம் பீடி முடிந்திருந்தது. ஒன்பதாம் வளைவில் ஒரு குட்டித் தூக்கமே போட்டிருந்தார்.

“மணி பன்னெண்டாச்சு தங்கச்சி. இப்பிடிப் போனா ஆத்தத் தொடவே மூணு மணி ஆயிரும். பேசாமத் திரும்பிருவமா?”

“திரும்ப மாட்டேன்!”

தவசி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மேலே மூங்கில் புதரில் படக்கென்று ஒரு முறியும் சத்தம். பச்சைத் தழை நாற்றம். அப்புறம் புதருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு.

“ஒத்த யானை!” என்றார் தவசி மெதுவாக. “பகல்லயே வந்து நிக்குது. மேல ஏறுங்க. நிக்காதீங்க. நான் பாறைவழியா வர்றேன். மோட்டாரப் போடுங்க, ஓடுங்க!”

பீர் பறந்தான். பரக்கத் மிதித்தாள். செங்குத்து ஏற்றம். சக்கரம் சரளையில் சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே நின்றது. புதர் விலகியது. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது, அழுத்த வரவில்லை! யானை காதை விரித்தது.

“அக்கா! அமுக்குக்கா!”

பீர் வண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். அவள் கட்டைவிரல்மேல் தன் விரலை வைத்து ஓங்கி அழுத்தினான். மோட்டார் வேகம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து! முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளிய மாதிரி வண்டி எகிறியது. பீர் தன் வண்டியைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே பறந்தான். பிளிறல் ஒன்று மலையெல்லாம் சுற்றி வந்தது. இரண்டு வளைவு தாண்டி, மூன்று வளைவு தாண்டி, நிற்கச் சொல்ல யாரும் இல்லாததால் நாலாவதையும் தாண்டித்தான் நின்றார்கள்.

யானை வரவில்லை. துரத்துகிற எண்ணமே அதற்கு இல்லை போலிருக்கிறது.

பரக்கத் திரையைப் பார்த்தாள். ஐந்தில் ஒன்று அணைந்து நாலு இருந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு கட்டம் செலவானதில் நாலு வளைவு ஏறியிருந்தாள். அதை அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

ஒன்றே கால் மணிக்கு ஆற்றங்கரை. தை மாதத்துக் கொம்பனாறு சாதுவாகக் கிடந்தது. முழங்கால் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. கரைக்குக் கரை கட்டியிருந்த பழைய கயிறு மட்டும் இன்னும் தொங்கியது. இந்தத் தண்ணியா என் அண்ணனை இழுத்தது என்று பரக்கத்துக்கு ஆத்திரம் வந்தது. ஒரு கல்லை எடுத்து ஆற்றின்மேல் விட்டெறிந்தாள். அது ‘டொபுக்’ என்றது.

தவசி அவள் பக்கத்தில் வந்து நின்றார். “அன்னைக்கு எங்கூர் ஆளுக தடுத்தாங்க தங்கச்சி. நைட்டு தங்கிட்டுப் போப்பான்னு. அம்மா தேடும்னு சொல்லிட்டு எறங்கிட்டாப்ல.”

பரக்கத் தொங்கிய கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பீர்தான், “படத்த எடுக்கா. முக்காமணி நேரம்தான் இருக்கு” என்றான்.

காலண்டர் தாளை விரித்தார்கள். ஆற்றுக்கு இந்தக் கரை, வலது பக்கம், மூன்று பாறை தாண்டி. முதல் பாறையே வீடு அளவுக்கு இருந்தது. அதற்கு அப்பால் கையைக் கிழிக்கிற உன்னிச்செடிப் புதர். தவசி அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போனார். ஒரு பொந்து தெரிந்தது. பீர் ஆசையாகக் குனிந்தான், முள்ளம்பன்றி முள் ஒன்று மூக்கைக் குத்தியது. இன்னொரு இடுக்கு. வெறும் வௌவால் எச்சம். மணி ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது.

“தங்கச்சி, போதும். நேரமாச்சு” என்றார் தவசி.

“அஞ்சு நிமிஷம்ணே. அஞ்சே நிமிஷம்!”

மூன்றாவது பாறையைச் சுற்றி அவள் கையாலேயே செடியை விலக்கினாள். ரத்தம் வந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட துணி.

கைலி. ஜாபரின் கைலி.

“யா அல்லா!”

வண்டி நின்றுகொண்டிருந்தது. விழுந்து கிடக்கவில்லை, வீசி எறியப்படவில்லை. ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, சாயாமல் நிறுத்தியிருந்தான். பேட்டரியைச் சுற்றிக் கைலியை இரண்டு மடிப்பாகக் கட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பை போட்டு முடிச்சுப் போட்டிருந்தான். சங்கிலி துருப்பிடித்திருந்தது. பின் டயரில் காற்று இல்லை. மற்றபடி, இப்போதுதான் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது.

தவசி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். “இந்த வழியா நூறு தடவ போயிருக்கேன்” என்று முணுமுணுத்தார்.

பரக்கத் கைலியை அவிழ்த்தாள். பேட்டரியின் பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன் உண்டு. அழுத்தினால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று லைட் எரியும். மூன்று மாதமாக அவள் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தது இந்த பட்டனைத்தான். விரலை அதன்மேல் வைத்தபடியே நின்றாள்.

“நான் அமுக்கட்டுமாக்கா?” என்றான் பீர்.

“வேணாம்.”

அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று பச்சை லைட் புடவின் இருட்டில் எரிந்தது.

பீர் கத்திவிட்டான். “மூணு! அக்கா, மூணுக்கா! தீரவே இல்ல!” சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பையை உருவினான். உள்ளே மடக்கு நோட்டு ஒன்று. ஜாபர் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தான். அடிவாரம், ஒன்பதாம் வளைவு, புடவு, ஊர் (அதாவது கூரைப்பாறை), வீடு. ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை லைட் மிச்சம் என்று எண். மொத்தம் முப்பத்தோரு வரி. கடைசிக் கட்டமான ‘வீடு’ என்பதில் ஒரு வரியில்கூடப் பூஜ்யம் இல்லை. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு.

முப்பத்தோராவது வரி பாதியில் நின்றது. அடிவாரம் ஐந்து, ஒன்பதாம் வளைவு நாலு, புடவு மூன்று. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில்: ‘காலை 8.40. தண்ணி ஜாஸ்தி. வண்டி இங்க. நடை.’

அவ்வளவுதான். காலையிலேயே ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. வண்டியை ஓட்டிக் கடக்க முடியாது. எத்தனை பேட்டரி இருந்தாலும் முடியாது. அதனால் வண்டியை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாத்திரைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

“ஆறுதான்க்கா நிறுத்துச்சு. பேட்டரி இல்ல. நீ இல்லக்கா!” பீர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

தவசிக்கும் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார்கள். பரக்கத் சிரிக்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள், மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அழாதவள் மாதிரி. நான் கொன்றேன் என்று நினைத்திருந்தவரைக்கும் அவள் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. இரவெல்லாம் அண்ணனோடு சண்டை போடலாம், கெஞ்சலாம், மன்னிப்புக் கேட்கலாம். இப்போது அதுவும் போய்விட்டது. யார் தப்பும் இல்லை. மழை பெய்தது, அண்ணன் செத்துப்போனான். இனிமேல் வெறுமனே அண்ணன் இல்லை, அவ்வளவுதான்.

“ஏன்டா போன?” என்று அவள் கைலியைப் பார்த்துக் கேட்டாள். “மூணு லைட் வச்சிக்கிட்டு ஏன்டா வராமப் போன?”

மணி இரண்டாகிவிட்டது. தவசி மெதுவாக, “எந்திரிங்க தங்கச்சி. வண்டிய வீட்டுக்குக் கொண்டு போவோம்” என்றார்.

*

பீர் டயருக்குக் காற்றடித்தான், சங்கிலிக்கு ஆயில் விட்டான். பத்து நிமிடத்தில் வண்டி உருள ஆரம்பித்தது. முதுகில் இருந்த புதுப் பேட்டரி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. பரக்கத் அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டாள். புது வண்டி தவசி தலையில் விழுந்தது. பிறந்ததிலிருந்து சைக்கிள் ஓட்டாத மனிதர்! யானைக்கு அஞ்சாதவர், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் “ஆத்தாடி!” என்று கத்திக்கொண்டே இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி இறங்கினார்.

வழியில் சின்ன ஏற்றங்கள் நாலைந்து உண்டு. அங்கெல்லாம் பரக்கத் இறங்கித் தள்ளினாள். மோட்டார் போடவில்லை. பீர் ஒரு தடவை வாயைத் திறந்தான். காலையில் கேலி பண்ணிய அதே வாய். அப்புறம் அவள் எதற்காகத் தள்ளுகிறாள் என்று அவனுக்கே புரிந்துவிட்டது. அந்த மூன்று லைட்டும் ஜாபர் தன் வீட்டு பிளக்கில் தன் கையால் ஏற்றியது. அதைச் செலவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பீரும் தன் வண்டியை விட்டு இறங்கி, அவளோடு சேர்ந்து தள்ளினான்.

நல்லவேளை, யானை எதுவும் பாதைக்கு இறங்கவில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செக்போஸ்ட் கம்பி கண்ணில் பட்டது. “வந்துட்டம்!” என்று பீர் கூவினான். கேட்டில் இருந்தவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்கள். போன மழைக்கு ஆற்றோடு போனதென்று எழுதப்பட்ட வண்டி, இதோ, மண்ணும் துருவுமாக உருண்டு வருகிறதே! ஒருவர் ஓடிவந்து கேட்டைத் தூக்கிப் பிடித்தார்.

வீட்டுக்கு வரும்போது அந்தி மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. அம்மா வாசலில் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். பரக்கத் அம்மாவின் விரலைப் பிடித்து அந்த பட்டனில் வைத்து அழுத்தினாள்.

அம்மா எண்ணினார். “மூணு இருக்கு” என்றார். விரலை எடுக்காமலே, “மூணும் இருக்கு, புள்ளையத்தான் காணோம்” என்றார்.

பரக்கத் நோட்டை எடுத்துக் காட்டி, தண்ணீர் ஏறியிருந்ததைச் சொன்னாள். அம்மா கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு நான் ஒரு பேச்சுப் பேசிட்டேன்.”

“விடும்மா.”

“வாய் தவறி வந்துருச்சுடி. வந்ததுக்கப்புறம் எப்பிடித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியல. தெனமும் நெனைப்பேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்திருப்ப.”

“நீதாம்மா திரும்பிப் படுத்த.”

இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். பீர் மிச்சமிருந்த பரோட்டாப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

“சார்ஜ் மட்டும் போட்டுறாத” என்றார் அம்மா, அழுகைக்கு நடுவில். “அது அவன் ஏத்துனது.”

*

அந்தப் பேட்டரி அம்மாவின் தலைமாட்டிலேயே இருந்தது. தொழுகை முடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அம்மா பட்டனை அழுத்திப் பார்ப்பார். மூன்று எரியும். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் இரண்டுதான் எரிந்தது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பீர் பரக்கத்தைத் தனியாகக் கூப்பிட்டான். “அக்கா, இப்பிடியே வச்சிருந்தா முழுசா எறங்கிரும். எறங்குனா செத்துரும். அப்புறம் சார்ஜே ஏறாது. பெரியம்மாகிட்ட நீயே சொல்லு.”

பரக்கத்துக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவள் வேறு ஒரு காரியத்தில் இருந்தாள். வரும் வியாழக்கிழமை கூரைப்பாறைக்கு மாத்திரை கொண்டு போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டாள். மேலே செவந்தி என்று ஒரு பெண், வலிப்புக்கு மாத்திரை. ஜாபர் போனதிலிருந்து மாதம் ஒரு தடவைதான் தவசி எடுத்துப் போகிறார், இடையில் இரண்டு தடவை மாத்திரை தீர்ந்து, விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் அவள் மாத்திரைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா கைலியில் சுற்றிய பேட்டரியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்த வண்டியில போற?”

“புதுசுலதாம்மா.”

“இத எடுத்துட்டுப் போ.”

“அதுல ரெண்டுதானம்மா இருக்கு. சார்ஜ் போட்டாத்தான்...”

“போடுவோம்.” அம்மா சார்ஜரை எடுத்தார். பிளக்கில் செருகினார். பேட்டரியில் மாட்டும்போது மட்டும் கை நின்றது. “சும்மா வச்சிருந்தாலும்தான் தீருது” என்றார் அம்மா. “ஓடியாச்சும் தீரட்டும்.”

மாட்டினார். சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்தது. அது பச்சையாகிற வரைக்கும் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பரக்கத் அந்தப் பேட்டரியை வண்டியில் மாட்டி, மோட்டார் போட்டுத்தான் மலை ஏறினாள். செலவாவதற்குத்தான் சார்ஜ் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. பயம் இல்லாமல் இல்லை, ஆனாலும் பட்டனை அவளே அழுத்தினாள். ஆற்றங்கரையில் நின்று, புதுப் பேட்டரியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, புடவுக்குள் ஜாபர் பார்த்துவைத்த இடத்தில் வைத்தாள். கூரைப்பாறையில் செவந்தியின் கையில் மாத்திரையைக் கொடுத்தாள். “இனிமே வாரா வாரம் வருவேன், மிச்சம் பிடிச்சு எண்ணி வைக்காதீங்க, ஒழுங்காச் சாப்புடுங்க” என்றாள். வெயில் இறங்குவதற்குள் வீடு வந்துவிட்டாள்.

வந்ததும் நோட்டை எடுத்தாள். முப்பத்தோராவது வரியில் ‘ஊர்’, ‘வீடு’ என்ற இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன. அதில் அவள் எதுவும் எழுதவில்லை. அதற்கு அடுத்த வரியில் தேதி போட்டாள். அடிவாரம் ஐந்து. ஒன்பதாம் வளைவு நாலு. புடவு மூன்று. ஊர் இரண்டு.

“வீடு எத்தன?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

“ரெண்டும்மா” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.